தத்துக்கிளியும் சுவர்க்கோழியும்

1816ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 30ஆந் திகதி மாலை, இலண்டன் மாநகரின் வடபால் உள்ள ஹம்ஸ்ரெட் மேட்டுநிலத்திலே, லீ ஹண்ட் என்னும் பத்திரிகாசிரியரின் சிறு இல்லத்தில் மூவர் கூடியிருந்தனர். ஒருவர் ஹண்ட், மற்றொருவர் ஜோன் கீற்ஸ், மூன்றாமவர், கீற்ஸ் பயின்ற பள்ளியின் தலைமையாசிரியர் மகனும் அவருக்குக் கவிதையுலகின் வாயிலைத் திறந்துவிட்டவருமாகிய சாள்ஸ் கௌடன் கிளாக். பேச்சு, கணப்படுப்பின் அருகே ஒலிக்கும் சுவர்க்கோழியைப் பற்றித் திரும்பியது. உடனே ஹண்ட், தத்துக்கிளியையும் சுவர்க்கோழியையும் பொருளாகக் கொண்டு, அங்கேயே, நேரங் குறித்து, ஆளுக்கொரு சொனெற் எழுதுவோம் என்று அறைகூவினார். கிளாக் நடுவராயினார். முதலில் எழுதி முடித்தவர் 21 வயது இளைஞராகிய கீற்ஸ்.

சொனெற் என்பது இத்தாலியிற் பிறந்து ஆங்கிலத்திற் குடியேறிய பதினான்கடிப் பா. கீற்ஸ் கைக்கொண்ட இத்தாலிய அமைப்பில் முதல் எட்டடிகள் ஒரு பகுதி. பின் ஆறடிகள் மற்றொரு பகுதி. ஒன்பதாம் அடியிற் சிந்தனை திரும்ப வேண்டும் என்பது மரபு. இக்கவிதையில் அத்திருப்பம் கோடையிலிருந்து குளிர்காலத்துக்கு நிகழ்கிறது.

மண்ணுலகின் கவிதைக்கு என்றும் இறப்பில்லை என்பது கீற்ஸ் எடுத்தவுடனே கூறும் கூற்று. மாணவர் பலர் இதனைப் படித்ததும், இயற்கை அழகியது, கவிஞர் அதனைப் புகழ்கிறார் என்று விடையெழுதி அமைந்துவிடுவர். அவ்விடை பிழையன்று, ஆயின் எந்தக் கவிதைக்கும் பொருந்தக்கூடிய விடை அது. கீற்ஸ் தெரிந்தெடுத்த வேளைகளையன்றோ நோக்க வேண்டும்? பறவைகள் பாடும் இளவேனிலை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கடும் வெயிலில் பறவைகள் யாவும் சோர்ந்து மரநிழலில் ஒளிந்துகொண்ட நண்பகலை எடுக்கிறார். அடுத்து, உறைபனி எங்கும் பேசாமையைப் படைத்துவிட்ட தனிமையான மாலையை எடுக்கிறார். இசை அற்றுப்போவதற்கு எல்லா நியாயமும் உள்ள இரு வேளைகள் இவை. தம் கூற்றுக்கு மாறான சான்றுகளையே அவர் முன்வைத்து வழக்காடுகிறார் எனலாம்.

பறவைகள் ஓய்ந்த அந்த நண்பகலில், புதிதாகப் புல்லரிந்த வெளியைச் சூழ்ந்த வேலிகளில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு குரல் ஓடுகிறது. அது தத்துக்கிளியின் குரல். வெட்டுக்கிளி என்றதும் பயிரழிக்கும் கூட்டமே நம்மவர் நினைவில் எழும்; ஆங்கிலப் புல்வெளியின் இச்சிற்றுயிர் அத்தகையதன்று. பின்னங்காலைச் சிறகில் உராய்ந்து ஒலி எழுப்புவது அது. களித்துக் களைத்தபோது ஒரு களைச்செடியின் கீழ் அதுவும் இளைப்பாறும் என்று கீற்ஸ் மறவாமற் குறிக்கிறார். பாடுவோர் ஓய்வதில்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. பறவையும் ஓய்கிறது, தத்துக்கிளியும் ஓய்கிறது. பாட்டு மட்டும் கைமாறிச் செல்கிறது.

ஒன்பதாம் அடியில் முதலடியின் கருத்தே மீண்டும் வருகிறது. ஆனால் அங்கே இறப்பில்லை என்றவர், இங்கே ஓய்வில்லை என்கிறார். அதன் பின்னரே உறைபனி வருகிறது. தை மாத விடியலில் நுவரெலியாப் புற்றரையிற் படியும் வெண்பனியைக் கண்டோர் அதன் ஒரு சிறு சாயலை அறிவர். இங்கிலாந்தில் அது நிலத்தையே இறுகப் பூட்டிவிடும். அந்த அமைதி தானாக நேர்ந்ததன்று, கொல்லன் இரும்பைச் சமைப்பதுபோல உறைபனி அதனைச் சமைத்தது என்னும் பொருள்படக் கீற்ஸ் ஒரு வினைச்சொல்லை ஆள்கிறார். ஹண்ட் அவ்விடத்தை வாசித்ததும் வாய்விட்டுப் பாராட்டினார் என்று கிளாக் பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

அவ்வமைதியைத் துளைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து சுவர்க்கோழி ஒலிக்கிறது. வெப்பம் ஏற ஏற அதன் பாட்டும் ஏறுகிறது. இது வெறுங் கற்பனையன்று. முன்சிறகுகளை உராய்ந்து ஒலிக்கும் இப்பூச்சி, சூடு மிகுந்தால் விரைவாகவும் குறைந்தால் மெதுவாகவும் ஒலிப்பது உயிரியலார் அறிந்த உண்மை. அடுப்பருகே அரைத்தூக்கத்தில் இருப்பவனுக்கோ, அவ்வொலி புல்மலைகளிடையே பாடும் தத்துக்கிளியின் ஒலியாகத் தோன்றுகிறது. கவிதை அவ்வளவோடு முடிகிறது.

இங்கே ஒன்று சிந்திக்கத்தக்கது. இங்கிலாந்தின் தத்துக்கிளிகள் குளிர்காலத்துக்கு முன்பே மடிந்துவிடும். மண்ணுள் முட்டைகள் மட்டுமே எஞ்சும். ஆகவே டிசெம்பர் மாலையில் அம்மனிதன் கேட்கும் தத்துக்கிளி உயிரோடில்லை. அதன் பாட்டை இறவாமற் காப்பது வேறொரு பூச்சியின் குரலும் கேட்பவனின் நினைவுமே. அந்த ஆண்டின் கோடையோ பெயரளவிலேயே கோடை. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, 1816இல் மேற்கு ஐரோப்பா குளிரிலும் மழையிலும் நனைந்தது. கீற்ஸும் தந்தையை 1804இலும், தாயைக் காசநோய்க்கு 1810இலும் பறிகொடுத்தவர். இலண்டன் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்று நோயையும் சாவையும் அருகிருந்து பார்த்தவர். கவிதையில் இவை எவையும் பேசப்படவில்லை. எனினும் இறப்பில்லை என்னும் சொல்லை அவர் எளிதாகச் சொல்லியிருக்க முடியாது.

ஹண்ட் தம் சொனெற்றில் இரு பூச்சிகளையும் நேரே விளித்து, இனிய உறவினர் என்று கொஞ்சுகிறார். அது நயமான பாட்டே. வீடு திரும்பும் வழியில் கீற்ஸ், தம்முடையதைவிட ஹண்டின் கவிதையே தமக்குப் பிடித்தது என்றாராம். பிற்காலத்தார் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. கீற்ஸின் கவிதை 1817இல் அவருடைய முதல் தொகுதியில் வெளிவந்தது.

1818 டிசெம்பரில் தம்பி ரொம் காசநோயால் இறந்தார். 1819 செப்டெம்பரில், வின்செஸ்ரர் நகரில் இருந்தபோது, கீற்ஸ் இலையுதிர்காலத்தைப் பாடினார். வேனிற்பாட்டுகளை நினைந்து ஏங்க வேண்டாம், உனக்கும் ஓர் இசை உண்டு என்று அப்பருவத்துக்கே கூறி, அந்த இசைக்குரியோரை அவர் ஒவ்வொருவராக அழைக்கிறார். கொசுக்கள், ஆடுகள், சிறு பறவைகள் ஆகியவற்றிடையே வேலியோரத்துப் பூச்சியும் அங்கே பாடுகிறது.