ஆட்டிசம் உடையோர்க்குக் கலைகள் ஆற்றும் துணை

இசை, ஓவியம், நாடகம், கைவினை ஆகியவை ஆட்டிசம் உடைய குழந்தைகளுக்கு நன்மை பயக்கும் என்ற கருத்து இன்று நம் நாட்டில் பரவலாக வழங்கி வருகிறது. இக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும் அவ்வுண்மையின் எல்லையை அறியாமல், இன்ன இராகத்தைக் கேட்டால் குறை நீங்கும், இத்தனை வகுப்புகளில் பேச்சு வரும் என்றெல்லாம் வாக்களிப்போரும் உளர். அவ்வாக்கை நம்பலாமா என்று பெற்றோர் முதலில் வந்து கேட்பது பெரும்பாலும் கிராமப் பணியாளரிடமும் பள்ளி ஆசிரியரிடமுமே ஆகும். அவர்களுக்குக் கூறத்தக்க விடை யாது, நாமே செய்யத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆட்டிசத்தின் தன்மை

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளைக் கூர்ந்து ஆராய்ந்து இந்நிலையை முதன்முறையாக விரிவாக வருணித்தார். தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் வழங்குவர். இது தொற்று நோயன்று. மூளை வளர்ச்சியில் தொடக்கத்திலேயே அமைந்த வேறுபாடாகும். பிறருடன் கருத்துப் பரிமாறுவதில் இடர்ப்பாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை மிகுதியாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியன இதன் முக்கிய இயல்புகள். இவை ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். சிலர் சரளமாகப் பேசுவர். சிலர் பேசுவதே இல்லை.

தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற தவறான கொள்கை பல்லாண்டுகள் நிலவியது. 1977இல் வெளிவந்த இரட்டையர் பற்றிய ஆராய்ச்சி பரம்பரைக் கூறுகளின் பங்கைத் தெளிவாகக் காட்டிற்று. எனினும் தாயைப் பழிக்கும் வழக்கம் இன்றும் சில இல்லங்களில் நீங்கவில்லை. அதனை மறுத்துரைப்பது களப்பணியாளரின் முதற்கடமை எனலாம்.

ஆராய்ச்சிகள் காட்டுவன

கலைகளுள் மிகுதியாக ஆராயப்பட்டது இசையே. ஒன்பது நாடுகளைச் சேர்ந்த, 4 முதல் 6 வயது வரையுள்ள 364 குழந்தைகளிடம் நிகழ்த்தப்பட்ட ஒரு பெரிய சோதனையின் முடிவுகள் 2017இல் வெளியாயின. வழக்கமான உதவியோடு ஐந்து மாத காலம் இசைப் பயிற்சியும் பெற்ற குழந்தைகளுக்கும், அப்பயிற்சி பெறாத குழந்தைகளுக்கும் இடையே ஆட்டிசக் குறிகளின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இசை ஆட்டிசத்தை நீக்கும் என்பார்க்கு இதுவே தக்க விடையாகும்.

ஆனால் இதுகொண்டு இசை பயனற்றது என முடிவு செய்தல் பொருந்தாது. கனடாவின் மான்ட்ரியால் நகரில் 6 முதல் 12 வயது வரையுள்ள 51 குழந்தைகளிடம் நடந்த ஆராய்ச்சி 2018இல் வெளிவந்தது. ஒரு குழுவினர் பாட்டும் இசைக் கருவியும் கொண்டு பயின்றனர். மற்றொரு குழுவினர் இசையின்றி விளையாட்டின் வாயிலாகப் பயின்றனர். இசைக் குழுவினரின் கருத்துப் பரிமாற்றத் திறனும், அவர்தம் குடும்ப வாழ்வின் நலமும் மேம்பட்டன எனப் பெற்றோர் தெரிவித்தனர். பின்னர் 2022இல், 1165 பேர் பங்குபெற்ற 26 ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்ட காக்ரேன் தொகுப்பு, இசைப் பயிற்சியால் பொதுவான முன்னேற்றமும் வாழ்க்கை நலமும் கூடக்கூடும் என்று கண்டது. பேச்சுத் திறன் வளரும் என்பதற்குத் தெளிவான சான்று கிட்டவில்லை.

நாடகத்திலும் சில நற்பயன்கள் காணப்பட்டுள்ளன. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், 8 முதல் 14 வயது வரையுள்ள 30 சிறுவர்களைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற ஒத்த வயதுத் தோழர்களுடன் பத்து அமர்வுகளில் நடித்தவர்கள், முகங்களை நினைவில் இருத்துவதிலும் பிற சிறுவர்களோடு கூடி விளையாடுவதிலும் முன்னேற்றம் அடைந்தனர். இங்கே தோழர்கள் உடனிருந்தமை கவனிக்கத்தக்கது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவு ஒன்றே: கலை என்பது குறையைப் போக்கும் மருந்தன்று, குழந்தையும் பிறரும் சொல்லின்றியும் சந்தித்துப் பழகுவதற்கான இடமாகும்.

செய்முறை

தாளத்திற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அடுத்து வருவது யாது என்பதை முன்னரே அறிய இயலுவதால், எதிர்பாராத மாறுதலுக்கு அஞ்சும் குழந்தைக்கு அது ஆறுதல் அளிக்கிறது. ஒருவர் தட்ட மற்றவர் தட்டுவது, உரையாடலில் முறைவைத்துப் பேசுவதை ஒத்திருக்கிறது. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. கஞ்சிரா, டோலக் அல்லது கவிழ்த்த தகர டப்பா போதும். பின்வரும் முறைகளை ஆசிரியர்கள் கையாளலாம்.

1. குழந்தைக்கு விருப்பமானவை எவை, அச்சமூட்டுபவை எவை என்பதைப் பெற்றோரிடம் முன்னதாகக் கேட்டறிக. மேளத்தின் ஒலி ஒரு குழந்தைக்கு வேதனை தரலாம். களிமண் கையில் ஒட்டுவது மற்றொன்றுக்குப் பொறுக்கவொண்ணாததாக இருக்கலாம்.

2. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பதினைந்து நிமிடம் போல் நடத்துக. தொடங்குவதற்கு ஒரு பாட்டும் முடிப்பதற்கு ஒரு பாட்டும் மாறாதிருத்தல் நன்று.

3. குழந்தை தட்டும் தாளத்தை நீங்கள் பின்பற்றித் தட்டுக. பின்னர்ச் சற்று நிறுத்திக் காத்திருங்கள். அந்த இடைவெளியில் குழந்தை நிமிர்ந்து நோக்குமாயின் அதுவே தொடக்கமாகும்.

4. பேசாத குழந்தையின் முன் தூரிகை, மத்தளம், கோலப்பொடி ஆகியவற்றின் படங்களை வைத்து, வேண்டியதைத் தொட்டுக் காட்டச் செய்க. போதும் என்பதற்கும் ஓர் அடையாளம் இருத்தல் வேண்டும்.

5. கையைப் பிடித்து வரையச் செய்தலையும், கண்ணை நோக்குமாறு கட்டாயப்படுத்துதலையும் தவிர்க்க. எழுந்து செல்ல விரும்பும் குழந்தையைத் தடுத்தலாகாது.

6. படம் எவ்வளவு அழகாக அமைந்தது என்பதைக் குறிக்க வேண்டா. தானாக வந்து அமர்ந்தது எத்தனை முறை, தன் முறைக்குக் காத்திருந்தது எத்தனை முறை என்பவற்றை வாரந்தோறும் குறிப்பேட்டில் எழுதி வருக.

குடும்பத்தினரின் பங்கு

வல்லுநர் இல்லாத ஊரில் என் செய்வது என்ற ஐயம் எழலாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நிகழ்த்தப்பெற்று 2016இல் வெளியான ஒரு சோதனை இதற்கு நம்பிக்கை அளிக்கிறது. சிறப்புப் பட்டம் பெறாத பணியாளர்கள், முறையான பயிற்சிக்குப் பின், பெற்றோர் தம் குழந்தையோடு விளையாடும் காட்சியைப் படம்பிடித்து அவர்களோடு சேர்ந்து பார்த்து வழிகாட்டினர். இதன் பயனாகக் குழந்தைகள் பெற்றோரிடம் தாமாகவே தொடர்பு கொள்ளுதல் மிகுந்தது. இச்சோதனை கலையைப் பற்றியதன்று. ஆயினும் குழந்தையின் போக்கை அறிந்து பெற்றோர் ஈடுகொடுத்தல் என்ற அதன் அடிப்படை, வாசலில் தாயும் பிள்ளையும் சேர்ந்து கோலமிடுவதற்கும் பொருந்தும்.

உடன்பிறந்தாரையும் பாட்டனார் பாட்டியாரையும் இதில் சேர்த்துக் கொள்ளுதல் வேண்டும். பொழுதெல்லாம் பயிற்சியாளராகவே வாழும் தாய்க்கு, பயன் எதனையும் எதிர்பாராது பிள்ளையோடு மகிழ்ந்திருக்கும் சிறுபொழுதும் தேவையே. அத்தகைய தாய்மார் சிலரை வாரம் ஒரு நாள் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ கூட்டிப் பாடச் செய்தால், அவர்களின் தனிமை குறையும்.

வளர்ந்தோர்க்கு நெசவு, மட்பாண்டம், ஓவியம் முதலியன பிழைப்புக்கும் வழியாகலாம். ஆனால் ஆட்டிசம் உடையோர் எல்லோரிடமும் மறைந்துள்ள பெருந்திறன் ஒன்று உண்டு என எதிர்பார்ப்பது தவறு. அவரவர் விருப்பமே அளவுகோல் ஆதல் வேண்டும்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவை

கலைப் பயிற்சியை முன்னிட்டுப் பேச்சுப் பயிற்சியையோ, வலிப்பு உள்ளவர்கள் அதற்கான மருந்தையோ நிறுத்தலாகாது. குணப்படுத்துவதாகக் கூறி முன்பணம் கேட்போரை நம்பலாகாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுள்ளன. ஆதலின் சான்றிதழ் பெறும் முறையைப் பெற்றோருக்கு எடுத்துரைத்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்கு அவர்களை ஆற்றுப்படுத்துதல் வேண்டும். அதுவரை காத்திராமல், பாட்டையும் தாளத்தையும் வீட்டிலும் வகுப்பிலும் இன்றே தொடங்கலாம்.