மின்னோட்டம் கோக்கும் மாலை

வெள்ளி முலாம் பூசும் தொட்டியில் 96,500 கூலும் மின்சாரம் பாய்ந்தால், எதிர்மின்வாயில் 108 கிராம் வெள்ளி படியும் என்று படித்திருப்பீர்கள். ஓர் எலெக்ட்ரானுக்கு ஓர் அணு. இதுவே ஃபாரடேயின் கணக்கு. அதே மின்சாரம் 52 கிலோ பிளாஸ்டிக்கை உண்டாக்க முடியும் என்றால், விதி பொய்த்துவிட்டது என்பீர்களா?

ஸ்டைரீன் ஒரு வினைல் சேர்மம். அதன் மூலக்கூறில் இரு கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்து நிற்கின்றன. அவற்றுள் ஒரு கை விடுபட்டால் அண்டை மூலக்கூறைப் பற்றும். அது அடுத்ததைப் பற்றும். இவ்வாறு நீளும் சங்கிலியே பாலிஸ்டைரீன்.

முதல் கையை விடுவிப்பது எது? எதிர்மின்வாய்தான். அது தரும் எலெக்ட்ரானை ஏற்று ஸ்டைரீன் எதிர் அயனியாகிறது. அதில் ஓர் எலெக்ட்ரான் துணையின்றி நிற்கும். இத்தகைய இரண்டு அயனிகள் இணைந்தால், இரு முனைகளிலும் எதிர்மின்னூட்டம் உள்ள ஒரு துண்டு உருவாகும். பிறகு அது தானாகவே இருபுறமும் வளரும். 1000 மூலக்கூறுகள் கொண்ட சங்கிலிக்கு இரண்டே எலெக்ட்ரான்கள்! ஸ்டைரீனின் மூலக்கூறு எடை 104. ஆகவே 96,500 கூலுமுக்கு 52 கிலோ. நடைமுறையில் சில எலெக்ட்ரான்கள் வீணாவதால் விளைச்சல் குறையும். விதி பொய்க்கவில்லை, மின்சாரம் தொடங்கி மட்டுமே வைக்கிறது.

இதை நீரில் செய்ய முடியாது. நீர் புரோட்டானைக் கொடுத்து, வளரும் முனையை அடைத்துவிடும். அதனால் ஈரம் நீக்கிய டெட்ராஹைட்ரோஃபியூரான் போன்ற கரிமக் கரைப்பான் வேண்டும். மின்சாரத்தைக் கடத்த அதில் கரையும் உப்பும் வேண்டும். முனையை அடைக்க எதுவும் இல்லையெனில் சங்கிலி உயிரோடிருக்கும். மேலும் ஸ்டைரீன் ஊற்றினால் மேலும் வளரும். இத்தகைய 'உயிருள்ள பாலிமரை' 1956இல் மைக்கேல் சுவார்க் விளக்கினார். அவர் எலெக்ட்ரானை மின்வாயிலிருந்து பெறவில்லை. சோடியம் நாஃப்தலீனிலிருந்து பெற்றார்.

நீர் எப்போதும் பகைதானா? இல்லை. மற்றொரு வினைல் சேர்மமான அக்ரிலோநைட்ரைலை, தக்க உப்பும் நீரும் சேர்த்து மின்னாற்பகுத்தால், இரண்டே மூலக்கூறுகள் இணைந்து வளர்ச்சி நின்றுவிடும். கிடைப்பது அடிப்போநைட்ரைல்; நைலான் 66 இழையின் மூலப்பொருள். அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனத்தில் மானுவல் பெய்சர் உருவாக்கிய இம்முறை 1965இல் தொழிற்சாலைக்கு வந்தது.

மின்வாய் தருவது அதே எலெக்ட்ரான்தான். சங்கிலி இரண்டோடு நிற்பதா, ஆயிரமாய் நீள்வதா என்பதைத் தீர்ப்பது கரைப்பான். இனி ஆய்வுக்கூடத்தில் மின்னாற்பகுப்புச் செய்யும்போது, மின்வாயை மட்டும் பார்க்காதீர்கள். அது மூழ்கியிருக்கும் திரவத்தையும் பாருங்கள்.