தாவும் சித்திரங்கள்

நுழையும் முன்

சித்திரம் வரைதல் ஒரு கலை. வரைந்த சித்திரத்தை அசைய வைத்தல் மற்றொரு கலை. அசையும் சித்திரத்தை ஆடுபவரின் விரலுக்குப் பணிய வைத்தல் மூன்றாவது கலை. இம்மூன்றும் கூடிப் பிறந்தவையே சித்திரத் தாவல் விளையாட்டுகள். அவற்றுள் பழையவை இன்றும் விரும்பி ஆடப்படுவது ஏன் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

திரைச்சித்திரமும் விளையாட்டுச் சித்திரமும்

திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்தை அடுத்து, 1990ஆம் ஆண்டு நிறுவப்பட்ட டெக்னோபார்க் அமைந்துள்ளது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அதுவே. அங்கு இயங்கும் டூன்ஸ் நிறுவனம், தெனாலிராமன் கதைகளைச் சித்திரத் தொடராக்கித் தொலைக்காட்சிக்கு வழங்கியது. அத்தகைய தொடரில் நாயகன் எப்போது நடக்க வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்பவற்றை வரைபவரே முடிவு செய்கிறார். பார்ப்பவர் அதனைச் சிறிதும் மாற்ற இயலாது.

வீடியோ கேமில் இந்நிலை மாறுகிறது. நாயகனின் உருவத்தை வரைபவர் தருகிறார். அவன் எப்போது தாவ வேண்டும் என்பதை ஆடுபவர் தீர்மானிக்கிறார். விரல் பொத்தானை அழுத்திய அக்கணமே சித்திரம் தாவுதல் வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் ஆட்டத்தின் சுவை கெடும்.

ஒரு மேடையிலிருந்து மற்றொரு மேடைக்குத் தாவி, இடையிலுள்ள பள்ளங்களையும் பகைவரையும் கடந்து செல்வதே தாவல் விளையாட்டின் இலக்கணம். தமிழ்நாட்டுச் சிறார் ஆடும் பாண்டியையும் கேரளத்துச் சிறார் ஆடும் கக்குகளியையும் இதற்கு ஒப்பிடலாம். கால் வைக்க வேண்டிய கட்டம் எது, தாண்ட வேண்டிய கட்டம் எது என்பதைத் தரையில் கீறிய சில கோடுகளே அறிவித்துவிடுகின்றன.

வரம்பு தந்த வடிவம்

1981ஆம் ஆண்டு ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ‘டாங்கி காங்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதனை உருவாக்கியவர் ஷிகெரு மியாமோட்டோ. ‘ஜம்ப்மேன்’, அதாவது ‘தாவுபவன்’ என்று அழைக்கப்பட்ட அதன் நாயகனே பின்னாளில் மரியோ என்னும் பெயர் பெற்றான்.

அக்காலக் கணிப்பொறிகளில் நினைவகம் மிகக் குறைவு. அகலத்தில் 16, உயரத்தில் 16 புள்ளிகள் கொண்ட சிறு கட்டத்திற்குள் ஒரு மனிதனை வரைய வேண்டியிருந்தது. வாயை வரைய இடமில்லாததால் மீசை வைக்கப்பட்டது. அது மூக்கையும் எடுத்துக்காட்டியது. தலைமுடி அசைவதை வரைவது கடினம் என்பதால் தொப்பி அணிவிக்கப்பட்டது. கைகளின் அசைவு உடலோடு கலந்து மறையாதிருக்க வேறு நிறத்தில் தோள்பட்டை வைத்த காற்சட்டை அணிவிக்கப்பட்டது. உலகெங்கும் அறியப்பட்ட அத்தோற்றம் இவ்வாறு இடப்பற்றாக்குறையிலிருந்து பிறந்ததாகும்.

1985இல் வெளிவந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் மொத்த அளவு 40 கிலோபைட் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம் அதனினும் பன்மடங்கு பெரியது. அவ்வளவு சிறிய இடத்தில் 32 கட்டங்கள் அடங்கின. வானத்து மேகத்திற்கு வரைந்த உருவமே பச்சை நிறம் பூசப்பட்டுத் தரையில் புதராக நின்றது!

சொல்லாமல் கற்பித்தல்

இவ்விளையாட்டின் முதற்கட்டம் ஒரு நல்லாசிரியரைப் போன்றது. திரையின் இடப்பக்கம் மரியோ வலப்புறம் நோக்கி நிற்கிறான்; எதிரே வெற்றிடம் விரிந்திருக்கிறது. செல்லும் திசையை எவரும் கூறத் தேவையில்லை. சற்று நடந்தால் சினங்கொண்ட முகத்துடன் ஒரு சிற்றுருவம் எதிர்வருகிறது. அதன்மேல் மோதினால் ஓர் உயிர் போகும். தாவி மிதித்தால் அது நசுங்கும். கேள்விக்குறி இட்ட பெட்டியை முட்டினால் ஒரு காளான் வெளிவந்து வலப்புறம் நகர்கிறது. பின்னர் ஒரு குழாயில் மோதி ஆடுபவரை நோக்கியே திரும்புகிறது. அதனைத் தொட்ட மரியோ பெரியவனாகிறான். தீயது எது, நல்லது எது என்னும் பாடம் ஓர் அறிவுரையும் இன்றி முடிந்துவிடுகிறது.

அடிப்படை விதிகள் பெரும்பாலும் மாறுவதில்லை. பள்ளத்தில் விழுந்தவர், தாம் பிந்தித் தாவியதை உடனே உணர்கிறார். அடுத்த முறை திருத்திக்கொள்கிறார். தோல்வியின் காரணம் கண்முன் தெளிவாகத் தெரிவதால் சலிப்புக்கு மாறாக ஊக்கமே பிறக்கிறது. இவ்விளையாட்டுகளின் கவர்ச்சிக்கு இதுவே அடிப்படை.

பழமை மட்டும்தான் காரணமா?

1990களில் இந்திய நகரங்கள் பலவற்றில், நின்டெண்டோ கருவியைப் போலச் செய்யப்பட்ட மலிவான நகல் கருவிகள் விற்கப்பட்டன. அவற்றில் ‘கேசட்’ செருகித் தொலைக்காட்சியில் மரியோ ஆடியவர்கள் இன்று பெற்றோராக உள்ளனர். அவர்களுக்கு இவ்விளையாட்டு இளமையின் நினைவு. அந்நினைவு இல்லாத அவர்தம் பிள்ளைகளும் இதனை விரும்புகின்றனர் என்பதே சிந்திக்கத்தக்கது.

கனடாவில் உருவாகி 2017இல் வெளிவந்த ‘கப்ஹெட்’ இதற்கு மற்றொரு சான்று. கோப்பையைத் தலையாகக் கொண்ட அதன் நாயகன், 1930களின் அமெரிக்கச் சித்திரப் படங்களைப் போல, ரப்பர் குழாய் ஒத்த கைகால்களுடன் ஆடி வருகிறான். நினைவகப் பற்றாக்குறை நீங்கிய காலத்திலும் அதன் உருவங்கள் தாளில் கையால் வரையப்பட்டன. பின்னணிகள் நீர்வண்ணத்தில் தீட்டப்பட்டன. ஜாஸ் இசையைக் கலைஞர்கள் நேரில் வாசித்தனர். சித்திரங்கள் நொடிக்கு 24 என்னும் பழைய முறையில் நகர, ஆட்டமோ நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. தோற்றம் பழையது; விரலுக்குப் பணியும் விரைவு புதியது.

தேர்ந்து ஆடுதல்

பழையன யாவும் நல்லன என்று கொள்ளலாகாது. கடைகளில் இருந்த தொடக்ககால இயந்திரங்கள், தோற்றவரிடம் மீண்டும் மீண்டும் நாணயம் கேட்டன. வீட்டுக் கேசட்டுக்கு ஒருமுறை விலை கொடுத்தால் போதும். இறுதிக் கட்டம் கடந்ததும் கதை நிறைவுறும். இன்றைய கைப்பேசி விளையாட்டுகளுள் சில, முடிவே இன்றி நீண்டு, காத்திருக்க வைத்துப் பணம் கேட்கின்றன. ஆகவே ஆடுமுன் ஒன்றை ஆராய்தல் நன்று: அடுத்த கட்டத்தின் கதவைத் திறப்பது ஆடுபவரின் திறனா, பணமா? திறன் எனில் அவ்விளையாட்டு பயிற்சியாகும். பணம் எனில் அது வணிகமாகும்.

சொற்பொருள்

கணம் – நொடிப்பொழுது
வரம்பு – எல்லை
பன்மடங்கு – பல மடங்கு
சான்று – ஆதாரம்

பயிற்சி

1. திரைச்சித்திரத்திற்கும் விளையாட்டுச் சித்திரத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மரியோவின் மீசை, தொப்பி ஆகியவற்றிற்கான காரணங்களை எழுதுக.
3. பிரித்து எழுதுக: முதற்கட்டம், வெற்றிடம், நல்லாசிரியர்.
4. நீ அறிந்த தெரு விளையாட்டு ஒன்றின் விதிகளை, அதனை அறியாத ஒருவருக்குப் புரியுமாறு பத்து வரிகளில் விளக்குக.