கொட்டகையில் நிற்கும் பழைய ஸ்கூட்டர்... எடைக்குப் போடும் முன் எண்களைப் பாருங்கள்!

மாட்டுக் கொட்டகை ஓரத்தில், காலிச் சாக்குகளுக்கு அடியில் பழைய ஸ்கூட்டர் நிற்கும் வீடுகள் கிராமங்களில் இன்னும் உண்டு. பால் கேனோடு சொசைட்டிக்கும், உர மூட்டையோடு வயலுக்கும் போய்வந்த வண்டி. ஓட்டியவர் காலமான பிறகு, பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்பார். மகனோ சரிசெய்து ஓட்ட ஆசைப்படுவார். எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் தேவைப்படுபவை சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும்தான். நம்பர் பிளேட்டை யாரும் கழற்றி மாட்டலாம். வண்டியின் உடம்பில் அடித்த எண்தான் அதன் உண்மையான அடையாளம்.

எங்கே தேடுவது?

பழைய வெஸ்பா, 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக் ஆகியவற்றில் எஞ்சின் வலப்பக்கம் இருக்கும். அந்தப் பக்க மூடியைக் கழற்றினால், உள்ளே பாடித் தகட்டில் சேஸ் எண் தெரியும். எஞ்சின் எண், பின் ஷாக் அப்சார்பர் எஞ்சினோடு சேரும் இடத்துக்கு அருகில் இருக்கும். இத்தாலியில் தயாரான பழைய வெஸ்பாக்களில் சேஸ் எண்ணின் முன்னெழுத்துகள் 'டி' என்றும், எஞ்சின் எண்ணின் முன்னெழுத்துகள் 'எம்' என்றும் முடியும். இத்தாலிய மொழியில் சட்டத்துக்கு 'டெலாயோ', எஞ்சினுக்கு 'மோட்டோரே' என்று பெயர்.

லாம்பிரெட்டா, லக்னோவில் தயாரான விஜய் சூப்பர் வண்டிகளின் கட்டமைப்பு வேறு. வெளித்தகடு வெறும் மூடிதான். உள்ளே இருக்கும் குழாய்ச் சட்டத்தில்தான் சேஸ் எண்ணைத் தேட வேண்டும்.

எப்படிப் படிப்பது?

மண்ணும் கிரீஸும் மூடியிருந்தால், மண்ணெண்ணெய் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டு வைத்துத் துடைக்கலாம். பெயின்ட் இருந்தால் ரிமூவர் தடவி பிரஷ்ஷால் தேய்க்கலாம். அரம், கிரைண்டர், உப்புத்தாள் கூடவே கூடாது. ஒரு இலக்கம் தேய்ந்தாலும் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வரும். மங்கிய எண்ணைப் பட்டறையில் கொடுத்து மறுபடி அடிப்பது அதைவிடப் பெரிய தவறு.

டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் பள்ளங்கள் தெளியும். மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். ஒன்றும் 'ஐ'யும், பூஜ்யமும் 'ஓ'வும், மூன்றும் எட்டும் குழப்பும்.

சேஸ் எண் பொருந்தி, எஞ்சின் எண் மட்டும் மாறியிருந்தால், எப்போதோ வேறு எஞ்சின் மாட்டியிருக்கலாம். அந்த மாற்றம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாக வேண்டும். ஆர்.சி. தொலைந்திருந்தால், காவல்துறையில் தெரிவித்து, படிவம் 26-ல் நகல் கேட்கலாம்.

பெயர் மாற்றம், புதுப்பித்தல்

உரிமையாளர் இறந்தால், வாரிசு 30 நாள்களுக்குள் தகவல் கொடுத்து, 3 மாதங்களுக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

50 ஆண்டுகள் கடந்த வண்டிக்கு, 2021 விதிகளின்படி 'விண்டேஜ்' பதிவும் உண்டு. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; 10 ஆண்டுகள் செல்லும். ஆனால், கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டுமே அந்த வண்டியை எடுக்க முடியும். தினமும் பால் கேன் கட்டிப் போக நினைப்பவருக்குச் சாதாரணப் புதுப்பித்தலே ஏற்றது.

எடைக்குப் போடுவதாக இருந்தால்..?

அப்போதும் ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும். வண்டி இனி ஓடாது என்றால், 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். இல்லாவிட்டால், அந்த எண்ணை வேறு வண்டியில் மாட்டி யாராவது விபத்து செய்தாலும், போலீஸ் தேடி வருவது இறந்தவரின் வீட்டுக்குத்தான். இரும்புக்காரர் தரும் சில ஆயிரத்துக்காக அந்த வம்பு வேண்டாம். பென்சில் பிரதியையும் ரத்துச் சான்றையும் பட்டா, பத்திரங்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது நல்லது.