பெட்டியில் 16 ஜிபி, உள்ளே 8 ஜிபி: உங்களுக்கு எவ்வளவு ரேம் வேணும்?

போன் விளம்பரத்தில் ‘16 ஜிபி ரேம்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘8+8’ என்று இருக்கும். இதில் முதல் 8 மட்டும்தான் உண்மையான ரேம். அடுத்த 8, நீங்கள் போட்டோ, வீடியோ வைத்திருக்கும் ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. ‘விர்ச்சுவல் ரேம்’ என்பது அதற்கு வைத்திருக்கும் பெயர்.

இரண்டும் ஒண்ணுதானே என்றால், இல்லை. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க சுமார் 100 நானோ நொடி ஆகும். நல்ல எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கக்கூட அதைப்போலப் பல நூறு மடங்கு நேரம் பிடிக்கும். ரேம் 1 நொடியில் தரும் என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டி தர கிட்டத்தட்ட 10 நிமிஷம். பட்ஜெட் போனில் இருக்கும் ஸ்டோரேஜ் இன்னும் மெதுவானது.

அதற்காக விர்ச்சுவல் ரேம் சுத்த ஏமாற்று வேலை என்றும் சொல்ல முடியாது. நீங்கள் கொஞ்ச நேரமாகத் தொடாத ஆப்பை அங்கே ஒதுக்கி வைக்கலாம். விண்டோஸ் இதே வேலையை ‘பேஜ் ஃபைல்’ என்ற பெயரில் பல வருஷமாகச் செய்கிறது. ஆனால் யாரும் அதை ரேமோடு கூட்டி பெட்டியில் அச்சடித்ததில்லை!

ஓடிபி பார்த்துட்டு வந்தா ஆப் காணோம், ஏன்?

தட்கல் டிக்கெட் போடுறீங்க. ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால், ஆப் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பல நேரங்களில் இதற்குக் காரணம் ரேம் பற்றாக்குறைதான். இடம் குறைந்தால் ஆண்ட்ராய்டு முதலில் தகவல்களைச் சுருக்கி வைக்கும். அதுவும் போதாவிட்டால் பின்னணியில் இருக்கும் ஆப்களை ஒவ்வொன்றாக மூடிவிடும்.

இதற்குப் பயந்து எல்லா ஆப்பையும் நாமே தள்ளித் தள்ளி மூடுவதில் லாபம் இல்லை. மூடிய ஆப்பை மறுபடி முதலிலிருந்து திறக்க பிராசஸரும் பேட்டரியும்தான் கூடுதலாகச் செலவாகும். ரேம் நிறைந்திருப்பது தப்பே இல்லை, காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயன் கிடையாது.

வாட்ஸ்அப், யுபிஐ, கேமரா அளவுக்கு 6 ஜிபி ஓடும். மூணு நாலு வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 8 ஜிபி எடுங்கள். பெரிய கேம்கள் ஆடாதவர்களுக்கு 12 ஜிபி அவசியமில்லை என்பது என் கருத்து. ஐபோனில் ரேம் அளவை ஆப்பிள் வெளியே சொல்வதே இல்லை. ஆனாலும் 6 ஜிபி உள்ள ஐபோன் 15-க்கு ‘ஆப்பிள் இன்டெலிஜென்ஸ்’ கிடைக்கவில்லை, 8 ஜிபி உள்ள 15 ப்ரோவுக்குக் கிடைத்தது.

லேப்டாப்புக்கு?

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜிபி. அது இன்ஸ்டால் ஆகத்தான் போதும், நிம்மதியாக வேலை பார்க்க அல்ல. க்ரோம் பெரும்பாலும் ஒவ்வொரு டேப்பையும் தனி புரோகிராம் மாதிரி நடத்துகிறது. ஒரு டேப் படுத்தால் மற்றவை தப்பிக்கும், அதற்கான விலை ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான நினைவகமும் இதே ரேமிலிருந்துதான் போகும். மேலே ஒரு வீடியோ மீட்டிங், ஒரு பெரிய எக்செல் ஷீட்... 8 ஜிபி திணறிவிடும்.

ஆப்பிள் 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் ஆரம்ப ரேமை 8-லிருந்து 16 ஜிபி ஆக்கியது. மைக்ரோசாஃப்டின் ‘கோபைலட் பிளஸ்’ லேப்டாப்களுக்கும் 16 ஜிபிதான் குறைந்தபட்சம். வேலைக்கு லேப்டாப் வாங்குபவர்கள் இதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு 32.

ஏற்கெனவே இருக்கும் லேப்டாப் போதுமா என்று பார்க்க, வேலை உச்சத்தில் இருக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி 70 சதவீதம் என்றால் கவலை வேண்டாம். எப்போதும் 90-ஐத் தாண்டியே நின்றால் ரேம் போதவில்லை. மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் ‘மெமரி பிரஷர்’ பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

‘இப்போ 8 வாங்கிட்டு அப்புறம் ஏத்திக்கலாம்’ என்பது எல்லா மாடலிலும் நடக்காது. மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 கடைசியில் மெமரி விலையும் வேகமாக ஏறியது. நுகர்வோருக்கு ரேம் விற்ற ‘க்ரூஷியல்’ பிராண்டை மூடப்போவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. அதனால் பட்ஜெட் இடித்தால், 8 ஜிபியோடு ஒரு காலி ஸ்லாட்டும் உள்ள மாடலா என்று கடையில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.