பக்கவாதத்துக்கு வல்லாரை கைகொடுக்குமா?

மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டில் வல்லாரைக் கீரை வாங்குகிறவர்களிடம் காரணம் கேட்டால், "பிள்ளைக்கு ஞாபகசக்திக்கு" என்பதுதான் வழக்கமான பதில். வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் "பக்கவாதத்துக்கும் நல்லதாமே" என்ற பேச்சும் காதில் விழும். அது எவ்வளவு உண்மை?

உடல் எடையில் மூளை 2 சதவிகிதம்தான். ஆனால், நாம் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவிகிதம் அதற்கே போகிறது. சேமிப்பும் கிடையாது. ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் சில நிமிடங்களில் செல்களின் சக்தி தீர்ந்து, கால்சியம் உள்ளே வெள்ளமாகப் புகுந்துவிடும். அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பும்போதும் நிம்மதி இல்லை. அப்போது கிளம்பும் ஃப்ரீ ராடிக்கல்கள் அடுத்த சேதத்தைத் தொடங்குகின்றன. தாவரப் பொருள்கள் மீது விஞ்ஞானிகளின் பார்வை விழுந்தது இங்கேதான்.

வல்லாரையில் இருக்கும் ஏசியாட்டிக் ஆசிட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2009-ல் வெளியானது. மூளையில் சேதமான பகுதி குறைந்திருந்தது. ஆனால் எலிகளுக்குக் கொடுத்தது பிரித்தெடுத்த தூய பொருள். வல்லாரைத் துவையல் அல்ல. தவிர, எலிகளைக் காப்பாற்றிவிட்டு மனிதர்களிடம் தோற்றுப்போன பக்கவாத மருந்துகள் ஏராளம்.

மனிதர்கள்வரை வந்த ஒன்று, செலரி விதையில் கண்டெடுக்கப்பட்ட பியூட்டைல்ஃப்தலைடு. ஆம், சைனீஸ் ஃப்ரைடு ரைஸில் தூவுகிறார்களே, அதே செலரி. 2002-லேயே சீனா இதை மருந்தாக அனுமதித்தது. அங்கே 1,216 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. 90 நாள் கழித்து நல்ல நிலைக்குத் திரும்பியவர்கள், மருந்து பெற்றவர்களில் 56.7 சதவிகிதம், பெறாதவர்களில் 44 சதவிகிதம். கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த நோயாளிகள் எல்லோருக்கும் அடைப்பை நீக்கும் வழக்கமான சிகிச்சையும் நடந்தது. அதோடு சேர்த்துத்தான் இந்த மருந்து. அதற்குப் பதிலாக அல்ல. தொடங்கியதும் 6 மணி நேரத்துக்குள்.

நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 'பிரம்மி' என்ற பெயர் சில இடங்களில் வல்லாரைக்கும், சில இடங்களில் நீர்ப்பிரம்மிக்கும் வழங்குகிறது. இரண்டும் வேறு வேறு செடிகள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த மூலிகை கேப்ஸ்யூலையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

வாய் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. ஆம்புலன்ஸ் வரும்வரை கஷாயம் மட்டுமல்ல, தண்ணீர்கூட வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கும் திறன் போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.