கல்லால் ஆகாதது

ரஷ்யாவின் கரேலியாவில் சுங்கைற்று என்னும் கரிக்கல் உண்டு. அதிலுள்ள காபன், தான் தீர்ந்துபோகாமல், சில ஒட்சியேற்றங்களை விரைவுபடுத்தும் ஊக்கியாகிறது. நீர் வடிக்கவும் அது பயன்படுகிறது. நம் நாட்டின் போகல சுரங்கக் காரீயமும் காபனே.

இப்படியொரு கல்லைப் போட்டால், மீளக்குடியேறிய காணியின் கிணறு திருந்துமா? யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றின் குறை நைத்திரேற்று. பசளையும் மலக்குழிக் கழிவும் சுண்ணக்கல் வெடிப்புகளினூடாக இறங்குவதால் வருவது. அது ஏற்கெனவே முற்றாக ஒட்சியேறியது. ஊக்கிக்கு அங்கே வேலையில்லை. கொதிக்கவைத்தாலோ செறிவு கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து.

ஆகவே கிணற்று நீரைப் பரிசோதிப்போம். குறை கண்டால் குழந்தைக்கு வேறு நீர் தேடுவோம். பசளையை அளந்து இடுவோம்.